அரங்க ஒளியும் ஆடற்படமும்

1838ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு ஆடல் மகளிர் சிலர் பாரிஸ் மாநகரின் நாடக மேடையொன்றில் ஏறி ஆடினர். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கப்பலேறிச் சென்றவர்கள் அவர்கள். கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலைச் சார்ந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அக்குழுவில் அம்மணி என்னும் இளநங்கையே தலைசிறந்து விளங்கினார். தெயோஃபில் கோத்தியே என்னும் பிரெஞ்சுக் கவிஞர் அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்து எழுதினார். ஒகஸ்த் பார் என்னும் சிற்பி அவருடைய உருவத்தை வெண்கலத்தில் சிறு படிமமாக வடித்தார். எழுத்தும் படிமமும் எஞ்சின. அம்மணியின் நிழற்படம் ஒன்றேனும் இல்லை. புகைப்படக் கலை உலகறிய வெளியிடப்பட்டதே மறு ஆண்டாகிய 1839இல்தான்.

ஓராண்டு பிந்திச் சென்றிருந்தால் படம் கிடைத்திருக்குமே என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். கிடைத்திராது. அதே 1838இல், அதே பாரிஸ் நகரில், தாகேர் என்பவர் உயரமான ஒரு சாளரத்திலிருந்து கீழே இருந்த பெருவீதியைப் படமெடுத்தார். பட்டப்பகல் வேளை, வண்டிகளும் மக்களும் ஓயாது செல்லும் வீதி. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அக்காலத் தகட்டின்மீது ஒளி சில நிமிடங்களாவது விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குள் வண்டி போய்விடும், நடப்பவர் போய்விடுவார், தகட்டில் அவர்களுடைய சுவடு பதியாது. வீதியோரத்தில் ஒருவர் மட்டும் தம் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்து நின்றுகொண்டிருந்தார். நின்றதனால் அவர் படத்தில் தங்கினார். அம்மணியை அன்று வெயிலில் நிறுத்தி ஆடச் சொல்லிப் படம் எடுத்திருந்தாலும் தரை பதிந்திருக்கும், திரை பதிந்திருக்கும், ஆடியவர் பதிந்திருக்க மாட்டார்.

நின்றவர் தங்குவர், ஆடியவர் மறைவர் என்னும் இந்த விதி, ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஆடற்கலையின் வரலாற்றை ஆண்டது. அது எவ்வாறு தளர்ந்தது, தளர்வதற்குள் நாம் எவற்றை இழந்தோம் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒளியின் கணக்கைப் பார்ப்போம். நம் கண் பெரிய ஏமாற்றுக்காரன். வெயிலிலிருந்து அரங்கத்துக்குள் நுழைந்து சிறிது நேரம் அமர்ந்தால், மேடை பகல்போல் ஒளிர்வதாக அது நமக்குச் சொல்லும். உண்மையில் நல்ல மேடை விளக்கின் ஒளி, நண்பகல் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே மிகுதி. எங்கள் குரங்கணிச் சரிவில் வாழ்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏலக்காய்ச் செடி வெயிலைப் பொறுக்காது. உயர்ந்த காட்டு மரங்களின் நிழலிலேயே வளரும். உச்சிவேளையில் வெளியே பாறை கண்ணைக் கூசச் செய்யும். தோட்டத்துக்குள் பத்தடி நுழைந்தால் போதும், கேமராவின் ஒளிமானி முள் கீழே விழுந்துவிடும். கண்ணுக்கோ எல்லாம் தெளிவாகவே தெரிந்துகொண்டிருக்கும். மேற்கே மலை நிற்பதால் அங்கே மாலையும் முந்தி வந்துவிடுகிறது. அந்த மரநிழலையும் மாலையையும் ஒன்றாகக் கூட்டினால் நாடக மேடையின் ஒளி எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும்.

இனி அசைவின் கணக்கு. ஆடுபவர் மார்புக்கு முன்னிருந்து கையை வீசி நீட்டுகிறார். 60 சென்டிமீட்டர் தொலைவை ஐந்தில் ஒரு வினாடியில் கடக்கிறார் என்று கொள்வோம். வினாடிக்கு 3 மீட்டர் வேகம். ஷட்டர் முப்பதில் ஒரு வினாடி திறந்திருந்தால், அதற்குள் அந்தக் கை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விரல்களில் பிடித்த முத்திரை படத்தில் வெறும் புகைக்கற்றையாகிவிடும். 250இல் ஒரு வினாடியாகக் குறைத்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். ஆனால் ஒளியும் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒளி வேண்டுமானால் அசைவு கெடும். அசைவு வேண்டுமானால் ஒளி போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவரே மேடைப் படக்காரர்.

நம் நாட்டில் மற்றொரு தடையும் இருந்தது. கோயிலிலும் அரண்மனையிலும் சதிர் ஆடப்பட்டது எண்ணெய் விளக்கிலும் தீவட்டியிலும். அவற்றின் ஒளி மஞ்சளும் சிவப்பும் கலந்தது. பழைய புகைப்படத் தகடுகளோ நீல நிற ஒளிக்கே நன்கு இணங்கும். சிவப்பு அவற்றுக்குக் கண் தெரியாத இருட்டு. எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டையொட்டித்தான் விற்பனைக்கு வந்தன. ஆகவே விளக்கொளியில் ஆடிய ஒருவரை அக்காலத்தில் படமெடுக்க முயல்வது, குருடரிடம் ஓவியம் காட்டுவதை ஒக்கும்.

ஆதலால் என்ன செய்தார்கள்? ஆடுபவரைக் கூரையில் கண்ணாடி பதித்த படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்துவந்தார்கள். சென்னையில் நிக்கலஸ், வீலே-கிளைன் முதலிய நிலையங்கள் இருந்தன. அத்தகைய நிலையங்களில் எடுத்த ஆடல் மகளிர் படங்களை நீங்கள் பழைய நூல்களில் பார்த்திருக்கலாம். பின்னே வரைந்த திரை. நடுவே ஆடுபவர், ஒரு கையை இடுப்பிலும் மறு கையைத் தலையருகிலும் வைத்து நிற்கிறார். சுற்றிலும் நட்டுவனாரும் முட்டுக்காரரும் சிலைபோல் இருக்கிறார்கள். நட்டுவனாரின் தாளங்கள் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. முகத்தில் எந்த மெய்ப்பாடும் இல்லை. இந்தப் படங்களைப் பார்த்தவர்கள், அக்காலச் சதிர் உயிரற்ற ஆட்டம் என்று முடிவு கட்டியதுண்டு. அது ஆட்டத்தின் குற்றமன்று, தகட்டின் குற்றம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பல வினாடிகள் இமைக்காமல் நிற்கச் சொன்னால் எவருடைய முகத்தில் சிருங்காரம் நிலைக்கும்?

மேனாடும் இதற்கு விலக்கன்று. 'பாலே' என்று அவர்கள் கூறும் நாட்டிய நாடகம், பாட்டும் வசனமும் இன்றி இசைக்கேற்ப உடலசைவாலேயே கதை சொல்வது. அதன் வரலாற்றில் ருஷ்ய நாட்டு நிஜின்ஸ்கியின் பெயர் அழியாதது. காற்றில் துள்ளி எழுந்தால் அங்கேயே தங்கிவிடுவார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். அந்தத் துள்ளலை மேடையில் எவரும் படமெடுத்தாரில்லை. அவர் ஆடியதைச் சலனப்படமாகவும் எடுத்தாரில்லை. 1912இல் டி மேயர் என்பவர் எடுத்த அழகிய படங்கள் உள்ளன. அவை மேடை நிகழ்ச்சியின்போது எடுத்தவை அல்ல, படத்துக்கென்றே நின்றவை. 1913இல் நிஜின்ஸ்கி அமைத்த 'வசந்தத்தின் சடங்கு' பாரிஸில் அரங்கேறியபோது கூச்சலும் குழப்பமும் மூண்டன. சில முறைகளே ஆடப்பட்டு அது மறைந்துபோயிற்று. அது எவ்வாறு ஆடப்பட்டது என்பதை அறிய உதவியவற்றுள் முதன்மையானவை வாலன்டைன் கிராஸ் என்னும் பெண் ஓவியர் வரைந்த படங்கள். அரங்கின் இருட்டில், தாளைப் பார்க்காமலே, கண்ணை மேடைமேல் வைத்துக்கொண்டு அவர் பென்சிலால் கோடுகள் இழுத்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் மிலிசென்ட் ஹாட்சன் என்னும் அம்மையார், அந்தக் கோடுகளையும் பிற குறிப்புகளையும் சேர்த்து ஆராய்ந்து, 1987இல் அவ்வாட்டத்தை மீண்டும் மேடையேற்றினார். கேமரா தோற்ற இடத்தில் பென்சில் வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

வெடித்து ஒளிரும் மக்னீசியப் பொடி 1887இலேயே வந்துவிட்டதே, அதை மேடையில் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆடிக்கொண்டிருப்பவர் முன் அது வெடித்தால் கண் இருண்டு கால் தடுமாறும். அரங்கம் முழுதும் புகை சூழும். 1930ஐ ஒட்டி வந்த மின்வெட்டு விளக்கில் புகை இல்லை. ஆயினும் அடிப்படைக் குறை அப்படியே இருந்தது. மேடையொளி என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. எங்கே இருள வேண்டும், எந்த முகம் மட்டும் துலங்க வேண்டும் என்று ஒருவர் திட்டமிட்டு அமைத்ததை, கேமராவின் வெள்ளொளி ஒரு கணத்தில் அழித்துவிடுகிறது. படத்தில் கிடைப்பது அன்றைய மேடை அன்று.

மாற்றம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1924இல் எர்மனாக்ஸ் என்னும் சிறு கேமரா வெளிவந்தது. லுட்விக் பெர்டெலே என்பவர் கணித்தமைத்த அதன் லென்ஸ், எஃப்-2 என்னும் அகன்ற திறப்புடையது. எஃப்-5.6 திறப்புடைய லென்ஸைக் காட்டிலும் எட்டு மடங்கு ஒளியை அது உள்ளே விடும். மறு ஆண்டில் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா தோன்றியது. 1932இல் காண்டாக்ஸ் வந்தது. அதற்கு பெர்டெலேயே எஃப்-1.5 திறப்புடைய லென்ஸையும் அமைத்தார். கைக்குள் அடங்கும் கேமரா, சினிமாச் சுருளின் அகலமுள்ள பிலிம், அகன்ற லென்ஸ் ஆகிய மூன்றும் கூடிய பிறகே, பார்வையாளரைக் கலைக்காமல் அரங்கத்தில் அமர்ந்து படமெடுப்பது மனிதருக்குக் கைகூடியது.

அந்தக் கருவியைக் கொண்டு துணிந்து புதுவழி கண்டவர் அலெக்சி பிரோடோவிச். ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். தொழிலால் பத்திரிகை வடிவமைப்பாளர். 1935 முதல் 1937 வரை, நியூயார்க் வந்த ருஷ்ய பாலே குழுக்களின் ஆட்டங்களை மேடையொளியிலேயே, மின்வெட்டின்றிப் படமெடுத்தார். ஷட்டரை மெதுவாகவே திறந்து மூடினார். கைகள் கலைந்தன, பாவாடைகள் மேகமாயின, விளக்குகள் வெண்ணிறமாகப் பொங்கி வழிந்தன. பிழை என்று பிறர் எறிந்துவிடும் படங்களையே அவர் தேர்ந்தெடுத்தார். 1945இல் 104 படங்களோடு அவை நூலாக வந்தன. சில நூறு படிகளே அச்சிட்டார்கள். ஆடுபவரின் முகம் யாருடையது என்று அதில் பல இடங்களில் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் ஆட்டம் அங்கே இருக்கிறது. நான் ஓர் ஆசிரியன். தெளிவையே விரும்பிப் பழகியவன். ஆயினும், நூறாண்டுக் காலத் தெளிவான படங்கள் சொல்லாத ஒன்றை அந்தக் கலங்கிய படங்கள் சொல்லுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிற்க. அதே ஆண்டுகளில் நம் நாட்டில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1935 டிசம்பர் 30ஆம் நாள் அடையாற்றில் ருக்மிணி தேவி முதன்முதலாகப் பொதுமக்கள் முன் பரதநாட்டியம் ஆடினார். அதற்கு முன் அவர் ருஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவோடு பழகி, பாலே பயிற்சியும் பெற்றவர். பாவ்லோவாவின் குழு மேடையை எவ்வாறு நடத்தியது என்பதை நேரில் கண்டவர். 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரத்தில் அவர் கொண்டுவந்த மாறுதல்களுள் மேடையொளியும் ஒன்று. இங்கிலாந்திலிருந்து வந்த அலெக்ஸ் எல்மோர் ஒளியமைப்பில் துணை நின்றார். பக்கவாத்தியக்காரர் ஆடுபவருக்குப் பின்னிருந்து ஒரு பக்கத்துக்கு மாறினர். 1944இல் 'குற்றாலக் குறவஞ்சி' நாட்டிய நாடகமாயிற்று. 1955 முதல் இராமாயணம் ஒவ்வொரு பகுதியாக மேடை ஏறலாயிற்று.

இவற்றுக்கு ஒரு படக்காரரும் வாய்த்தார். செட்டிநாட்டிலிருந்து வந்த இளைஞராகிய நாச்சியப்பன், மாண்டிசோரி முறையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்திருந்த காலம் அது. கான்ராட் வோல்ட்ரிங் என்னும் டச்சுக்காரரிடம் நாச்சியப்பன் படக்கலை பயின்றார். கலாக்ஷேத்திர அச்சகத்தையும் நடத்தினார். ருக்மிணி தேவியையும் அவர்தம் மாணவியரையும் பல்லாண்டுக் காலம் படமெடுத்தார். பின்னாளில் துறவு பூண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள கோவிலூர் மடத்தின் தலைவரானார். ஆசிரியர், அச்சகர், படக்காரர், துறவி என்று ஒரே வாழ்வில் இத்தனை வேடங்கள்! ஆடுபவர்களோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்தது அவருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு என்று கருதுகிறேன். எந்த அடவு எங்கே முடியும் என்பது அன்றாடம் காதில் விழுந்துகொண்டிருக்கும் அல்லவா?

அந்தக் காதுதான் மேடைப் படக்காரருக்கு லென்ஸைவிடத் தேவையானது. இதைச் சிறிது விளக்குகிறேன். எந்த ஆட்டத்திலும் அசைவு நின்று திரும்பும் கணங்கள் உண்டு. மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் ஒரு நொடி அசையாதது போலத் தோன்றுகிறதே, அதுபோல பாலே ஆடுபவர் துள்ளலின் உச்சியில் நிற்பதாகத் தோன்றுகிறார். பரதநாட்டியத்தில் சதிக்கோர்வை பாய்ந்து வந்து தீர்மானத்தின் கடைசி அடியில் அரைமண்டியில் உறைகிறது. அந்தக் கணத்தில் முப்பதில் ஒரு வினாடிகூடப் போதும். விரல் நுனி வரை பதியும். ஆனால் உறைந்ததைக் கண்டபின் விரலை அழுத்தினால் காலம் கடந்துவிடும். கண் கண்டு, மனம் உணர்ந்து, விரல் அழுந்துவதற்குள் ஐந்தில் ஒரு வினாடி போய்விடுகிறது. ஆகவே தாளத்தை எண்ணிக்கொண்டே இருந்து, தட்டு விழுவதற்குச் சற்று முன்னர் அழுத்த வேண்டும். தாளம் தெரியாதவருக்கு ஒளிமிக்க லென்ஸ் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

மேடையைப் படமெடுக்க இயலாதபோது, மேடையையே படப்பிடிப்பு நிலையத்துக்கு எடுத்துச் சென்றவர்களும் உண்டு. 1923இல் லண்டனில் பாவ்லோவாவோடு ஆடிப் புகழ் பெற்ற உதயசங்கர், தம் நாட்டியங்களை 'கல்பனா' என்னும் திரைப்படமாகச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தார். ஒளிப்பதிவு கே. ராம்நாத். படம் 1948இல் வெளிவந்தது. அங்கே பெரிய விளக்குகளை ஏற்றிப் பகலையே உண்டாக்கலாம். அதனால் அந்த ஆட்டங்கள் நமக்குக் கிடைத்தன. பாலசரஸ்வதி அம்மையாருக்கு அந்த வாய்ப்பு உரிய வயதில் கிட்டவில்லை. சத்யஜித் ராய் சிறுவராக 1935இல் கல்கத்தாவில் அவருடைய ஆட்டத்தைக் கண்டார். அவரைப் பற்றிய 'பாலா' என்னும் படத்தை எடுத்தது 1976இல். இடையே 41 ஆண்டுகள். அப்போது அம்மையாருக்கு வயது 58. கடற்கரையில், காற்றில் சேலை பறக்க, பகல் வெளிச்சத்தில் அவர் ஆடுவதை அதில் காண்கிறோம். கண்டு மகிழ்கிறோம், பதினேழு வயதில் எவ்வாறு ஆடியிருப்பார் என்று ஏங்கவும் செய்கிறோம்.

பெரியோர் வரலாற்றில் மட்டுமே இந்த இழப்பு நேர்ந்தது என்று கருத வேண்டா. 1980களில் நான் பணியாற்றிய மலையடிவாரப் பள்ளியில், ஆண்டு விழாவன்று மாணவியர் கும்மியடித்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகளே வெளிச்சம். கும்மி என்பது வட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் குனிந்து நிமிர்ந்து கைகொட்டுவது. கீழேயிருந்து வந்திருந்த படக்காரர், "வட்டமாக நின்றால் பாதிப் பேருக்கு முதுகுதான் விழும், ஒளியும் எட்டாது" என்று சொல்லி, ஆட்டம் முடிந்தபின் அவர்களை ஒரே வரிசையாக நிறுத்தி, கைகளை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி மின்வெட்டு விளக்கில் படமெடுத்தார். அவருடைய கருவிக்கு அவர் செய்தது பொருத்தமே. படமும் தெளிவாக வந்தது. நூறாண்டு கழித்து அந்தப் படம் ஒரு வரலாற்று மாணவர் கையில் கிடைத்தால், போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கும்மி வரிசையாக நின்று ஆடப்பட்டது என்றும், ஆடியவர்கள் புன்னகையின்றி நேரே நோக்கினார்கள் என்றும் அவர் எழுதுவார். சான்று கையிலிருக்கிறதே!

பழைய ஆடற்படம் ஒன்றைக் காணும்போது அதனிடம் சில கேள்விகள் கேளுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? மேடை விளக்கு பெரும்பாலும் மேலிருந்தோ, பழைய மேடையானால் காலடியிலிருந்தோ வரும். நிழல் நேர் பின்னே சுவரில் அப்பிக் கிடந்தால் அது கேமராவின் ஒளி. ஆடையின் விசிறி மடிப்பு விரிந்து பறக்கிறதா, தொங்குகிறதா? ஒற்றைக் காலில் நிற்பவரின் மற்றொரு கால் எதன்மீதேனும் தாங்கப்பட்டிருக்கிறதா? விரல் நுனி சிறிதேனும் கலங்கியிருக்கிறதா? கலங்கியிருந்தால் மகிழுங்கள், அவர் மெய்யாகவே ஆடிக்கொண்டிருந்திருக்கலாம்.

பிலிமின் உணர்திறனும் படிப்படியாக ஏறியது. 1954இல் 35 மில்லிமீட்டர் சுருளாக வந்த டிரை-எக்ஸ், உலகெங்கும் மேடைப் படக்காரரின் துணையாயிற்று. தில்லியில் அவினாஷ் பஸ்ரிச்சா போன்றோர் நம் நாட்டு ஆடற்கலைஞர்களை மேடையிலேயே பல்லாண்டுக் காலம் பதிவு செய்தனர். 1988இல் 3200 என்னும் உணர்திறன் எண்ணுடைய பிலிம் வந்தது; படம் மணல்போல் கரகரப்பாக இருக்கும், எனினும் கிடைக்கும். இன்று மின்னணுக் கேமரா அதையும் தாண்டிவிட்டது. ஏலத்தோட்டத்து மாலை இருளில்கூட 250இல் ஒரு வினாடியில் படமெடுக்கலாம். ஓசையில்லாத ஷட்டரும் வந்துவிட்டதால் முன்வரிசையில் இருப்பவர் திரும்பி முறைப்பதும் இல்லை.

இருந்தும் மேடையிருள் தன் குறும்பை விடவில்லை. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. ஓசையற்ற ஷட்டரோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்தெடுக்கிறது. இரண்டும் ஒத்துப் போகாவிடில் ஆடுபவரின் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். ஆழ்ந்த நீல விளக்கிலும் சிவப்பு விளக்கிலும் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, கண்ணும் மூக்கும் கரைந்து, முகம் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. பின்னணி கறுப்பாக இருந்தால் கேமராவின் தானியங்கி ஒளிமானி ஏமாந்து, தேவைக்கு மேல் ஒளியைச் சேர்த்து முகத்தை வெளுக்கச் செய்கிறது. அப்போது படக்காரர் தானியங்கியை அணைத்துவிட்டு, முகத்தில் விழும் ஒளியை மட்டும் அளந்து, ஷட்டரைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்கிறார். பிறகு மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டு தீர்மானத்துக்காகக் காத்திருக்கிறார்.